செவிலியர் பதிவேடும் சமூகப்பணிப் பட்டமும்: இரு தொழில்களின் ஒழுங்குமுறை வரலாறு

செவிலியம், சமூகப்பணி ஆகிய இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொண்டு இயக்கங்களிலிருந்து வளர்ந்த தொழில்கள். இரண்டிலும் தொடக்கத்தில் பெண்களே பெருமளவில் ஈடுபட்டனர். இரண்டும் நெடுங்காலம் ‘சேவை’ என்றே அழைக்கப்பட்டன. கூலி கேட்பதே இழுக்கு என்ற எண்ணமும் இரண்டையும் சூழ்ந்திருந்தது. ஆயினும் சட்டம் இவ்விரு தொழில்களையும் ஒரே விதமாக நடத்தவில்லை. சென்னை மாகாணத்தில் செவிலியருக்கு 1926 முதல் சட்டப்படியான பதிவேடு உண்டு. சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் அனைவருக்குமான தனி மன்றமோ பதிவேடோ இந்தியாவில் ஏற்படவில்லை. இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று, அதன் விளைவுகள் எவை என்பதை இக்கட்டுரை பிரிட்டன், இந்தியா ஆகிய இரு நாடுகளின் வரலாற்றைக் கொண்டு ஆராய்கிறது.

ஒழுங்குமுறை என்பதன் பொருள்

ஒரு தொழில் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது என்றால் பொதுவாக நான்கு ஏற்பாடுகள் இருக்கும். முதலாவது, அத்தொழிலுக்குரிய கல்வியின் தரத்தை வகுக்கும் அமைப்பு. இரண்டாவது, தகுதி பெற்றவர்களின் பெயர்களைக் கொண்ட பதிவேடு. மூன்றாவது, பதிவேட்டில் இல்லாதவர் அப்பெயரைப் பயன்படுத்துவதையோ அத்தொழிலைச் செய்வதையோ தடுக்கும் விதி. நான்காவது, தவறு செய்தவரை விசாரித்து, தேவையானால் பெயரை நீக்கும் அதிகாரம்.

இவற்றுள் நான்காவதே பொதுமக்களுக்கு மிக நெருக்கமானது. கல்வித் தரம் மாணவரின் கவலை. பதிவேடு வேலை தருபவரின் கவலை. ஒரு நோயாளிக்கோ உதவி நாடி வந்தவருக்கோ தீங்கு நேர்ந்தால் அவர் எங்கே போய் முறையிடுவது என்ற கேள்விக்கு விடை சொல்வது ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம்தான்.

பிரிட்டனில் செவிலியர் பதிவுக்கான போராட்டம்

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி வைத்தார். நவீன செவிலியத்தின் தாய் எனப் போற்றப்படும் அவரே செவிலியர் பதிவை எதிர்த்தார் என்பது பலரும் அறியாத செய்தி. நல்ல செவிலிக்குரிய பண்பைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்பது அவருடைய வாதம். ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயர், அந்தப் பெண் பல ஆண்டுகளுக்குப் பிறகும் தகுதியோடு இருக்கிறாரா என்பதைக் காட்டாது என்றும் அவர் கருதினார்.

எதிர்த்தரப்பில் நின்றவர் எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக். இவர் 24 வயதிலேயே லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் தலைமைச் செவிலி ஆனவர். 1887-இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தை நிறுவி, மருத்துவர்களுக்கு உள்ளதுபோல் அரசுப் பதிவேடு வேண்டும் என்று போராடத் தொடங்கினார். சில மாதங்கள் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு வெளியேறிய பெண்ணும் மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற பெண்ணும் ‘நர்ஸ்’ என்ற ஒரே பெயரில் வீடுகளுக்குச் சென்று ஊதியம் பெற்ற காலம் அது. அழைப்பவருக்கு இருவரையும் பிரித்தறிய வழி இல்லை.

போராட்டம் 30 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதற்குள் நியூசிலாந்து 1901-இல் செவிலியர் பதிவுச் சட்டத்தை இயற்றிவிட்டது. இங்கிலாந்தில் 1902-இல் பேறுகாலச் செவிலியருக்கு மட்டும் தனிச்சட்டம் வந்தது. மருத்துவமனை நிர்வாகங்கள் பொதுப் பதிவை விரும்பவில்லை. தாங்கள் வழங்கும் சான்றிதழின் மதிப்பு குறையும், செவிலியரின் ஊதியக் கோரிக்கை உயரும் என்று அவை அஞ்சின. முதல் உலகப்போர் நிலைமையை மாற்றியது. குறுகிய பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் போர் மருத்துவமனைகளுக்கு வந்தபோது, பயிற்சி பெற்றவர் யார் என்ற கேள்வி அரசுக்கே தலைவலியானது. 1919 டிசம்பரில் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. பதிவேட்டின் முதல் எண் எதெல் ஃபென்விக்குக்கு வழங்கப்பட்டது.

அச்சட்டத்தில் இரண்டு கூறுகள் கவனிக்கத்தக்கவை. முறையான பயிற்சி இல்லாவிட்டாலும் ஏற்கெனவே பணியில் அனுபவம் பெற்றிருந்தவர்கள் பதிவு செய்துகொள்ள ஒரு குறிப்பிட்ட காலம் வாய்ப்பு அளிக்கப்பட்டது. அதனால் பழையவர்கள் ஒரே நாளில் வெளியே தள்ளப்படவில்லை. மறுபுறம், ஆண் செவிலியர் முதன்மைப் பதிவேட்டில் இடம்பெறாமல் தனித் துணைப் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஒரு பதிவேடு யாரை உள்ளே விடுகிறது, யாரை ஓரத்தில் நிறுத்துகிறது என்பது தொடக்கத்திலிருந்தே சிக்கலான விஷயம்.

இந்தியாவில் செவிலியர் பதிவு

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளி ஏற்பட்டது. அரசு மருத்துவமனைகளும் கிறித்தவ மிஷன் மருத்துவமனைகளும் தத்தமக்கெனப் பாடத்திட்டமும் சான்றிதழும் வைத்திருந்தன. 1908-இல் உருவான இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் பொதுத் தரமும் பதிவும் வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தியது.

பம்பாய், வங்காள மாகாணங்களுக்கு முன்பே சென்னை மாகாணம் 1926-இல் செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் சட்டத்தை இயற்றியது. இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அச்சட்டத்தின் வழி வந்ததே. வங்காளத்தில் 1934-இலும் பம்பாயில் 1935-இலும் இத்தகைய சட்டங்கள் வந்தன.

மாகாணத்துக்கு மாகாணம் தரம் வேறுபட்டதால் அடுத்த தேவை எழுந்தது. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலி வீதமே இருப்பதாகக் கணக்கிட்டது. பற்றாக்குறையை நிரப்ப வேண்டும், அதே நேரத்தில் தரமும் குறையக் கூடாது என்ற இரட்டை நெருக்கடியில் 1947 டிசம்பர் 31 அன்று இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்வித் தரத்தை மத்தியக் கவுன்சில் வகுப்பது, பெயர்களை மாநிலக் கவுன்சில்கள் பதிவு செய்வது என்ற ஏற்பாடு அதிலிருந்து உருவானது.

இந்த ஏற்பாட்டால் இழந்தவர்களும் உண்டு. ஊர்தோறும் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகளின் அறிவு பரம்பரையாக வந்தது. எழுத்துத் தேர்வும் சான்றிதழும் கேட்ட புதிய அமைப்பில் அவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. தாய்–சேய் மரணத்தைக் குறைத்ததில் பயிற்சி பெற்ற செவிலியரின் பங்கு பெரிது. அந்த மாற்றத்தில் ஒரு தொழிற்குழு மெல்ல மறைந்தது என்பதும் வரலாறே.

சமூகப்பணி: கல்லூரியில் பிறந்த தொழில்

1915-இல் அமெரிக்கக் கல்வியாளர் ஏப்ரகாம் ஃபிளெக்ஸ்னர், சமூகப்பணி ஒரு தொழில்முறைத் துறைதானா என்று வினவி, இல்லை என்ற முடிவை ஒரு மாநாட்டில் முன்வைத்தார். சமூகப்பணியாளர் பல துறையினரை இணைக்கும் இடைநிலையாளராகவே இருக்கிறார், அவருக்கென்று தனித்த எல்லை இல்லை என்பது அவர் கூறிய காரணங்களில் ஒன்று. அக்கேள்வி அத்துறையினரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் துரத்தி வருகிறது.

இந்தியாவில் தொழில்முறைச் சமூகப்பணிக் கல்வி 1936-இல் பம்பாயில் தொடங்கியது. அமெரிக்க மதப்பணியாளரான கிளிஃபர்டு மான்ஷார்ட், நாக்பாடா பகுதியில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கிடையே நடத்திய சேவை மையத்தின் அனுபவத்திலிருந்து அதற்கான திட்டம் உருவானது. சர் தொராப்ஜி டாடா பட்டமேற்படிப்புப் பள்ளி என்ற பெயரில் தொடங்கிய அந்நிறுவனம் 1944-இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆயிற்று. 1946-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணியாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப்பணிப் பள்ளி தோன்றியது.

செவிலியத்திற்கும் சமூகப்பணிக்கும் இடையே முக்கியமான வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. செவிலியர் பயிற்சி மருத்துவமனைக்குள் பிறந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விருப்பப்படி சான்றிதழ் வழங்கியதால், அவற்றுக்கு மேலே நின்று தரம் பார்க்கும் மன்றம் கட்டாயத் தேவையானது. சமூகப்பணியோ தொடக்கத்திலேயே பட்டமேற்படிப்பாக அமைந்தது. விரைவில் பல்கலைக்கழகங்களின் கீழ் வந்தது. தரத்தைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் நிலைபெற்றது. பல்கலைக்கழக மானியக் குழுவும் சமூகப்பணிக் கல்வியை ஆராய மறுஆய்வுக் குழுக்களை அமைத்தது. உயர்கல்வியில் தொடங்கியதே அத்தொழிலுக்குத் தனி மன்றம் ஏற்படாமல் போனதற்கு ஒரு காரணம் ஆயிற்று.

பல்கலைக்கழகம் பட்டம் தரும். பட்டம் பெற்றவர் பிற்காலத்தில் தன்னை நம்பி வந்தவரின் இரகசியத்தை வெளியிட்டால் அதை விசாரிக்கும் வேலை பல்கலைக்கழகத்துடையது அன்று.

பதவிக்குச் சட்டம்

சமூகப்பணியைச் சட்டம் முற்றிலும் கண்டுகொள்ளவில்லை என்று கூற இயலாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஆலைகளில் நலஅலுவலர் இருக்க வேண்டும் என்று கூறியது. தகுதியை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளுக்கு விட்டது. சமூகப்பணி படித்தவர்களுக்கு இது பெரிய வாய்ப்பாக அமைந்தது. தொழிலாளர் நலன் அக்கல்லூரிகளில் முதன்மையான சிறப்புப் பாடமானது. அப்படிச் சென்றவர்கள் நாளடைவில் பணியாளர் துறை அதிகாரிகளாகவும் பின்னர் மனிதவள மேலாளர்களாகவும் மாறினர்.

இங்கே சட்டம் வரையறுத்தது பதவியை, ஆளை அன்று. செவிலி வேலையை விட்டாலும் பதிவேட்டில் செவிலியே. நலஅலுவலரோ அந்த நாற்காலியில் இருக்கும்வரைதான் நலஅலுவலர். அவர் கடமை தவறினால் கேட்பது நிர்வாகமும் அரசுத் துறையும். சக தொழிலர்கள் அல்லர். நன்னடத்தை அலுவலர், குழந்தை பாதுகாப்பு அலுவலர் போன்ற பிற பதவிகளும் இவ்வாறே அமைந்தன.

முயற்சிகளும் தடைகளும்

1960-களின் தொடக்கத்தில் பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர்களுக்கென அகில இந்தியச் சங்கம் தோன்றி, நாளடைவில் செயலிழந்தது. 1990-களில் சமூகப்பணிக்கான தேசியக் கவுன்சில் அமைக்கச் சட்ட வரைவு தயாரிக்கப்பட்டது, அது சட்டமாகவில்லை. 1997-இல் டாடா நிறுவனத்தைச் சார்ந்த சமூகப்பணிக் கல்வியாளர்கள் தொழில்முறைச் சமூகப்பணியாளர்களுக்கான அறப்பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர். அதை மீறினால் தண்டிக்க ஓர் அமைப்பு இல்லாததால் அது அறிவுரையாகவே நின்றது.

இத்தடைகளுக்குக் காரணங்கள் பல. முதற்காரணம் பெயரே. தமிழ் நாளிதழ்களில் ‘சமூக சேவகர்’ என்பவர் அன்னதானம் செய்யும் செல்வராகவோ, அரசியல் கட்சிக்காரராகவோ, தெருவிளக்குக்கு மனு எழுதுபவராகவோ இருக்கலாம். அப்பெயரைப் பட்டதாரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்குவதை மக்கள் ஏற்கமாட்டார்கள். இரண்டாவது, காந்திய நிர்மாணப் பணியின் மரபு. ஊதியம் வாங்காமல் கிராமத்தில் வாழ்நாளைக் கழித்தவரிடம் உரிமச் சீட்டு கேட்பது அபத்தமாகத் தோன்றியது. 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்தியச் சமூகநல வாரியமும் தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் அளித்து அவற்றின் வழியே இயங்கியது. மூன்றாவது, தொழிலின் எல்லை. ஊசி போடுவது, மருந்து கொடுப்பது ஆகியவற்றில் பிழை நேர்ந்தால் உடல் உடனே காட்டிவிடும். ஒரு குடும்பத்தைப் பற்றிய தவறான மதிப்பீடு வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். தெரியாமலே போகவும் கூடும்.

நான்காவது காரணம் அத்துறைக்குள்ளிருந்தே வந்தது. களப்பணியாளர்களில் பலர் முதுகலைப் பட்டம் பெறாதவர்கள். தலித், பழங்குடி, மீனவச் சமூகங்களிலிருந்து வந்து தம் மக்களிடையே வேலை செய்பவர்களை ஒரு பதிவேடு வெளியே நிறுத்திவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. பிரிட்டனின் 1919 சட்டத்தில் இருந்ததுபோல் அனுபவம் உள்ளவர்களைச் சேர்க்கும் வழி இதற்குத் தீர்வாகலாம். ஆனால் எத்தனை ஆண்டு அனுபவம், அதற்குச் சான்று தருவது யார் என்ற கேள்விகள் தொடர்ந்து எழும்.

ஒரே சட்டத்தில் இரு அளவுகோல்

இரு தொழில்களின் நிலையை அருகருகே காண விரும்புபவர் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறைப் பிரிவைப் பார்க்கலாம். மனநலச் செவிலியர் என்பவர் நர்சிங் கவுன்சில் ஏற்ற படிப்பைப் படித்து மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தவர் என்று அது கூறுகிறது. மனநலச் சமூகப்பணியாளர் என்பவர் சமூகப்பணி முதுகலையும், இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பும் முடித்தவர் என்கிறது. முன்னவரை அடையாளம் காட்டுவது தொழிலுக்குரிய கவுன்சில். பின்னவரை அடையாளம் காட்டுவது பல்கலைக்கழகப் பட்டம். படித்த ஆண்டுகள் கூடுதல் என்றாலும், பின்னவருக்குப் பின்னால் தொழில் மன்றம் இல்லை. மாநில மனநல ஆணையம் இவ்விரு பிரிவினரையும் பதிவு செய்ய அச்சட்டம் வழி வகுத்தது.

2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் இன்னும் வியப்பளிப்பது. ஒவ்வொரு இளஞ்சிறார் நீதிக் குழுமத்திலும் நடுவருடன் இரு சமூகப்பணியாளர்கள் அமர்கின்றனர். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலன் ஆகியவற்றில் ஏழாண்டுகள் ஈடுபட்டவராகவோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்ற தொழிலராகவோ இருப்பது தகுதி. அப்பட்டியலில் சமூகப்பணிப் பட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. சமூகப்பணியாளர் என்ற சொல் சட்டத்தில் உண்டு. சமூகப்பணிக் கல்வி அதில் இல்லை.

பிரிட்டனின் பிந்தைய அனுபவம்

பிரிட்டனிலும் சமூகப்பணிக்குப் பதிவேடு மிகத் தாமதமாகவே வந்தது. அங்கே பெரும்பாலோர் உள்ளாட்சி மன்றங்களின் ஊழியர்கள். முதலாளியே கட்டுப்படுத்துவார் என்ற நம்பிக்கை அங்கும் நிலவியது. தொழில்முறை என்ற சொல்லே எளிய மக்களிடமிருந்து தங்களைப் பிரித்துவிடும் என்று 1970-களின் இடதுசாரிச் சமூகப்பணியாளர்கள் வாதிட்டனர். அதே பத்தாண்டில், சமூகப்பணித் துறையின் கண்காணிப்பில் இருந்த மரியா கால்வெல் என்ற சிறுமி 1973-இல் வீட்டில் கொல்லப்பட்டதும் அதையொட்டிய விசாரணையும் நாட்டை உலுக்கின. பின்னரும் இத்தகைய விசாரணைகள் தொடர்ந்தன. தவறிழைத்த ஊழியர் ஓர் ஊரில் வேலை இழந்து மற்றோர் ஊரில் சேர்வதைத் தடுக்கப் பொதுப் பதிவேடு தேவை என்பது மெல்ல ஏற்கப்பட்டது.

2000-ஆம் ஆண்டுப் பராமரிப்புத் தரச் சட்டத்தின்படி 2001-இல் பொதுச் சமூகப் பராமரிப்பு மன்றம் அமைந்தது. 2005 ஏப்ரல் முதல் ‘சமூகப்பணியாளர்’ என்ற பெயர் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. செவிலியருக்குப் பதிவுச் சட்டம் வந்து 80 ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பின்பே இது நடந்தது. அந்த மன்றம் 2012-இல் கலைக்கப்பட்டு, இங்கிலாந்தில் அதன் பொறுப்பு பல நலவாழ்வுத் தொழில்களுக்கான பொது மன்றத்திடம் சென்றது. 2019 டிசம்பரில் ‘சோஷியல் ஒர்க் இங்கிலாந்து’ என்ற தனி அமைப்பு பொறுப்பேற்றது. சுமார் 20 ஆண்டுகளில் மூன்று மன்றங்கள். பதிவேட்டை ஏற்படுத்துவது கடினம். அதை நிலையாக வைத்திருப்பதும் எளிதன்று.

இந்தியாவின் புதிய சட்டங்கள்

இந்தியாவில் 1992-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கான பணியில் உள்ள மறுவாழ்வுச் சமூகப்பணியாளர்களைத் தன் பதிவேட்டு வரம்பில் சேர்த்தது. 2021-ஆம் ஆண்டுத் துணைமருத்துவ மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப்பணியாளரையும் மனநலச் சமூகப்பணியாளரையும் நடத்தை நலவாழ்வு அறிவியல் பிரிவில் வைத்தது. ஆகவே மருத்துவமனை வாசலுக்கு உள்ளே நிற்கும் சமூகப்பணியாளருக்கு ஒழுங்குமுறை வந்துள்ளது. குழந்தைகள் இல்லத்திலும், தத்தெடுப்புக்கு முன் வீட்டு நிலை ஆய்வறிக்கை எழுதுவதிலும், குடும்ப வன்முறை உதவி மையத்திலும், தொண்டு நிறுவனத்திலும் வேலை செய்பவர் இன்னும் வெளியே உள்ளார். ஒரே வகுப்பில் படித்த இருவரில் ஒருவருக்குப் பதிவேடு, மற்றவருக்கு இல்லை என்ற நிலை உருவாகியுள்ளது.

செவிலியத்தில் 1947 சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் தேசிய நர்சிங் மற்றும் பேறுகாலச் செவிலிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. கல்வி, நிறுவன மதிப்பீடு, அறநெறியும் பதிவும் என மூன்று வாரியங்களை அது வகுக்கிறது. பதிவேட்டில் இல்லாதவர் தகுதி பெற்ற செவிலியராகத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ரூ. 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றும் கூறுகிறது.

பதிவேடு தராதவை

பதிவேடு எல்லாவற்றையும் தந்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. இந்தியச் செவிலியருக்குப் பல பத்தாண்டுகளாகப் பதிவு இருந்தும், தனியார் மருத்துவமனைகளில் ஊதியம் மிகக் குறைவாகவே இருந்தது. உச்சநீதிமன்றம் 2016 ஜனவரியில் இதில் தலையிட்டது. அதன் ஆணைப்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனைகளிலும் மாதம் ரூ. 20,000-க்குக் குறையாத ஊதியம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரையை நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில் விடப்பட்டது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தொகுப்பூதியத்தில் சேர்ந்த அரசுச் செவிலியர், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராடினர். அவர்கள் அனைவரும் பதிவு பெற்றவர்களே. பதிவேடு தகுதியைச் சொல்லும். ஊதியத்தைத் தீர்மானிப்பது பேரம் பேசும் வலிமை.

ஒப்பீட்டின் பயன்

இரு வரலாறுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு தொழிலுக்குப் பதிவேடு வருவதை அதன் அறிவின் ஆழமோ படிப்பின் நீளமோ தீர்மானிக்கவில்லை. வேலையின் எல்லை தெளிவாக இருந்தது, அரசுக்குப் பெருமளவில் ஆட்கள் தேவைப்பட்டது, கலையாத சங்கம் தலைமுறைகளைத் தாண்டி ஒரே கோரிக்கையை எழுப்பியது ஆகிய மூன்றும் செவிலியத்தில் கூடி வந்தன. சமூகப்பணியில் அவை கூடவில்லை.

சமூகப்பணிப் பதிவேட்டுக்கான கோரிக்கையைப் பட்டதாரிகளின் வேலைவாய்ப்புக் கோரிக்கையாக மட்டும் பார்த்தால் எதிர்ப்பே மிஞ்சும். நைட்டிங்கேல் எழுப்பிய ஐயத்திற்கும், பட்டம் இல்லாத களப்பணியாளரின் அச்சத்திற்கும் அது பதில் சொல்ல வேண்டும். அதே நேரம், செவிலியின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்ட நோயாளி மாநிலக் கவுன்சிலுக்கு ஒரு மனு எழுதலாம். சமூகப்பணியாளர் ஒருவரின் அறிக்கையால் தன் குழந்தையைப் பிரிந்த தாய்க்கு, அந்த நிறுவனத்தின் மேலாளரையும் நீதிமன்றத்தையும் விட்டால், அத்தொழிலைச் சேர்ந்தவர்களே விசாரிக்கும் இடம் ஒன்று இல்லை. ஒழுங்குமுறை வேண்டுமா என்ற விவாதத்தில் முதலில் கேட்கப்பட வேண்டியது அந்தத் தாயின் குரல்.